விற்கவென்று வாங்கிய பவுண்

தோஹா
24.01.2025

அஸ்ஸலாமு அலைக்கும் நஸீறா,

நீயும் நம் மகள் பஸ்னாவும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிருக்கு மூக்கு மட்டும் அடைத்துக் கிடக்கிறது.

நேற்றுத்தான் போனில் பேசினார், இன்று கடிதமா என்று சிரிப்பாய். நான் பேசும்போது இங்கே அறை முழுக்கக் காது கொடுக்கிறது. அங்கே உன் உம்மா போனைச் சத்தமாக வைத்துப் பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். தங்கக் கதையை அப்படிப் பேச முடியுமா? அதனால் இந்த விடயம் மட்டும் இனி எழுத்தில். முத்தலிப் காக்கா சாமான் பெட்டிகளோடு காத்தான்குடிக்கும் தோஹாவுக்கும் போய் வருகிறவர், கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காதவர். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

இதோடு மூன்று தங்கக் காசுகள் வரும். சுத்த இருபத்து நாலு கரட். ஒவ்வொன்றும் ஓர் அட்டைக்குள் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. அட்டையில் உள்ள இலக்கம்தான் காசுக்குச் சாட்சி. அட்டை கிழிந்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும், விலையைக் குறைப்பான். ஆகவே பிரிக்காதே, யாருக்கும் காட்டாதே. உன் தையல் காசில் மிஞ்சுவதற்கும் இதே மாதிரி அட்டைக் காசாகப் பார்த்து வாங்கு. தங்கம் இறங்கப் போவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பஸ்னா பெரியவளாகும் வரை இருக்கட்டும்.

என் ஒப்பந்தம் அடுத்த ஜனவரியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குப் போடலாம் என்று யோசிக்கிறேன். ஏசி திருத்துகிறவனுக்கு இந்த ஊரில் வேலை ஓயாது.

உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். உன் இளைப்புக்கு மருந்தை விட்டுவிடாதே.

உன் துஆவை நாடும்,
இஷாம்


காத்தான்குடி
27.02.2025

வஅலைக்குமுஸ்ஸலாம் மச்சான்,

காசும் எண்ணெயும் கடிதமும் பத்திரமாக வந்தன. உம்மாவின் முழங்கால் வலி எண்ணெய்க்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. எனக்கு இளைப்பு இல்லை. பஸ்னா கணக்கில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். உங்களுக்கு மூக்கடைப்பு எப்படி?

உங்கள் காசுகளை உம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிறகு நான் வாங்க வேண்டியதைப் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் அட்டைக் காசைக் காட்டினார்கள். திருப்பி விற்க வந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டதும் அந்த ஆளின் முகம் மாறியது. சின்னக் காசு வாங்கினால் செய்கூலியே தின்றுவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. கடைசியில் இல்ஹாம் நானாவின் கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “என்ன தங்கச்சி, வெக்கவா, விக்கவா?”

நான் இருபத்திரண்டு கரட்டில் அவர் கடை முத்திரை போட்ட பவுண் காசு வாங்கினேன். அட்டை இல்லை, இலக்கம் இல்லை. ஆனால் அவர் தன் முத்திரையை எந்த நேரமும் கழிவு இல்லாமல் அன்றைய விலைக்கே திருப்பி எடுப்பார். மாதம் ஒன்று முடியாவிட்டாலும் மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று வாங்கலாம்.

வீட்டுப் பிரிட்ஜ் பழுதாகி, திருத்த நாவற்குடாவுக்கு யூஸ்டஸ் அங்கிளிடம் கொண்டு போனோம். நீங்கள் வேலை செய்த அதே பட்டறைதான். அவருடைய மகள் அன்ட்றியா அவுஸ்திரேலியாவுக்கு வரச் சொல்லி ஒரே பிடியாக நிற்கிறாளாம். பட்டறையை ஒரு நல்ல கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றார். உங்களை விசாரித்தார். நான் சுகம் என்று மட்டும் சொன்னேன்.

நோன்பு வருகிறது. வெயிலில் ஏறி நின்று வேலை செய்யாதீர்கள்.

நஸீறா


தோஹா
21.03.2025

அஸ்ஸலாமு அலைக்கும் நஸீறா,

நோன்பெல்லாம் நிறைவாகப் போகிறதா? இங்கே பள்ளிவாசலில் இப்தாருக்குக் குறைவில்லை. நம் ஊர்க் கஞ்சிக்குத்தான் நாக்கு ஏங்குகிறது.

நீ வாங்கிய காசைப் பற்றி யோசித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு கரட்டில் செம்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு கடை முத்திரையை அந்தக் கடையைத் தவிர வேறு யார் மதிப்பார்கள்? இல்ஹாம் நானா நல்ல மனிதர்தான், ஆனால் தங்கம் என்பது ஆளை நம்பி வாங்குகிற சாமான் இல்லை. எந்த நாட்டிலும் செல்லுகிறதை வாங்க வேண்டும். திருப்பி எடுப்பார் என்று எழுதியிருக்கிறாய். திருப்பிக் கொடுக்க நமக்கு என்ன தேவை வந்தது? வைக்கத்தானே வாங்குகிறோம். அடுத்த முறை அட்டைக் காசாகப் பார்.

யூஸ்டஸ் அங்கிளுக்கு நான் விசாரித்ததாகச் சொல். பெருநாள் உடுப்புக்குப் பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன், அதையும் தங்கமாக்கிவிடாதே.

இஷாம்


காத்தான்குடி
12.04.2025

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

பெருநாள் நல்லபடி போயிற்று. எல்லோரும் சுகம். இனி எழுதப் போவதை உட்கார்ந்து வாசியுங்கள்.

உம்மா பெண்களுக்கான பயானில் ஒன்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நம் மத்ஹப் சட்டத்தில், பெண் போடுகிற நகைக்கு ஏழைகளுக்கான ஸகாத் கொடுக்கத் தேவையில்லை. பெட்டியில் கிடக்கிற காசுக்கு உண்டு. உங்கள் காசும் என் காசும் சேர்ந்து ஸகாத் கடமையாகிற எல்லைக்குக் கிட்ட வருகிறது என்று உம்மாவே கணக்குப் பார்த்திருக்கிறார். நான் தைத்த அபாயாக்களைக் கொடுக்க ஏறாவூருக்குப் போன அன்று அலுமாரியைத் திறந்து, உங்கள் அட்டை மூன்றையும் கத்தரிக்கோலால் வெட்டி, காசுகளை ஒரு பத்தரிடம் கொண்டு போய், ஒவ்வொன்றின் தலையிலும் வளையம் ஒட்டி, என் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் வந்து சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உம்மா சொன்னது இதுதான்: “பெட்டிக்குள்ள கிடந்தா ஸகாத்து, கழுத்துல கிடந்தா இல்ல. உனக்குத்தானே புள்ள நல்லது செஞ்ச.”

மௌலவியிடம் கேட்டேன். சேமிப்புக்கென்று வாங்கியதை இப்படித் தந்திரம் செய்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அட்டையும் போய், காசிலும் ஒட்டு விழுந்து, ஸகாத்தும் அப்படியே நிற்கிறது. முதலில் அழுதேன். பிறகு இரவு படுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் போனில் அவரை ஒன்றும் கேட்டுவிடாதீர்கள்.

நஸீறா


காத்தான்குடி
03.06.2025

மச்சான், சலாம்.

முத்தலிப் காக்கா ஒருமுறை வந்து போய்விட்டார். உங்கள் கடிதம் இல்லை. போனில் சாப்பிட்டாயா, பிள்ளை படித்தாளா என்று கேட்கிறீர்கள், நானும் ஓம் ஓம் என்கிறேன். கோபம் என்றால் எழுதிக் கோபியுங்கள். வாசிக்க நான் இருக்கிறேன்.

இல்ஹாம் நானாவிடம் சங்கிலியைக் காட்டினேன். ஒட்டிய இடத்துக்குக் கழிவு போகும், வெறும் அட்டைகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றார். என்றாலும் தங்கம் தங்கம்தான் என்றும் சொன்னார். நான் இன்னும் ஒரு பவுண் அவரிடமே வாங்கினேன்.

யூஸ்டஸ் அங்கிளுக்கு விசா வந்துவிட்டது. கை நடுங்குகிறது, ஆனாலும் பட்டறையை ஒருநாளும் பூட்டுவதில்லை. போன் கடை போட ஒருவர் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறார். அங்கிள் என்னைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்தார். “மகள், இஷாம் வாறதெண்டா வருசம் முடியுமட்டும் பொறுத்திருப்பன். வராட்டி இப்பவே சொல்லிப் போடு.” கேட்டு எழுதுகிறேன் என்றேன். இப்போது கேட்டு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் அங்கே சூடு கடுமை என்று தெரியும்.

நஸீறா


தோஹா
29.06.2025

அஸ்ஸலாமு அலைக்கும் நஸீறா,

கோபம்தான். அட்டை வெட்டப்பட்டது என்று வாசித்தபோது கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்து நீவி மடித்து வைத்தேன். இரண்டு மாதம் இந்த அறையில் தங்கத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் எழுந்து வெளியே போனேன். இப்போது ஆறிவிட்டது. உன் உம்மாவுக்கு என் சலாம் சொல். அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்.

வருடம் திரும்பியதும் ஸகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடு. தப்புவதற்கு வழி தேட வேண்டாம். கொடுக்கிற கை நமக்கும் வந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு உள்ளபடி சந்தோசமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். விலை ஏறிய வேகத்தில் அந்த ஒட்டின் நட்டம் எப்போதோ அடைபட்டுவிட்டது. பொறுத்திருந்தால் நட்டமும் லாபமாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒப்பந்தத் தாள் என் கைக்கு வந்துவிட்டது. டிசம்பருக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சங்கிலியை நீ போட்டுப் பார்த்தாயா? அதை எழுதவில்லையே.

இஷாம்


காத்தான்குடி
17.08.2025

அன்புள்ள மச்சான், சலாம்.

நாங்கள் எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் சுகம் விசாரிக்க எழுதுவதில்லை, குறை நினைக்க வேண்டாம்.

யூஸ்டஸ் அங்கிள் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அவருடைய பெயர்கூட இல்லை. அதனால் இனி நானும் மறைத்துப் பேசப் போவதில்லை. வெக்கவா, விக்கவா என்று இல்ஹாம் நானா கேட்டபோது நான் சொன்ன பதிலை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். விக்க என்றுதான் சொன்னேன். உங்களை இங்கே கொண்டு வரத்தான் அந்தக் காசுகளை வாங்கினேன். ஒரே நாளில் கழிவில்லாமல் பணமாக வேண்டும் என்றுதான் அவருடைய முத்திரையாகத் தேடி எடுத்தேன். வாருங்கள் என்று வாய் திறந்து சொன்னால், உழைக்கிற மனிசனை இழுத்துப் பிடிக்கிறாள் என்று ஊர் சொல்லும். நீங்களும் அப்படி நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.

நீங்கள் ஏன் வரமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2019 இல் வந்து நம் பிரதான வீதியில் கடை போட்டீர்கள். கடை போட்ட இரண்டாம் மாதம் தேவாலயங்களில் ஏப்ரல் குண்டுகள் வெடித்தன, வைத்தவன் நம் ஊரான் என்று ஊர்ப்பெயரே கெட்டது. அதற்குப் பிறகு காத்தான்குடிக்குள் வெளியாள் யார் கால் வைத்தார்? மூடியது உங்கள் கடை மட்டுமா? ஆனால் நீங்கள் அதை உங்கள் கையாலாகாத்தனமாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறினீர்கள். அன்று முதல் தங்கம் ஏறட்டும், தங்கம் ஏறட்டும் என்கிறீர்கள். எவ்வளவு ஏறினால் வருவீர்கள் என்று ஒரு தரம் எழுதுங்கள். நான் தெரிந்துகொள்கிறேன்.

சங்கிலியைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்க ஆள் இல்லை.

நஸீறா


தோஹா
03.10.2025

நஸீறா, சலாம்.

விலை இப்போது யாரும் காணாத உச்சத்தில் நிற்கிறது. இன்னும் ஏறும். ஒன்றையும் விற்காதே. தமிழ் ஊரான நாவற்குடாவில் நம் முஸ்லிம் ஆள் திறக்கிற கடைக்கு யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்? இன்னொரு முறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்திருக்க என்னால் முடியாது. யூஸ்டஸ் அங்கிளிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

நான் சுகம். நீங்கள் சுகமாக இருங்கள்.

இஷாம்


காத்தான்குடி
06.11.2025

மச்சான், சலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. அவ்வளவு சின்னதாக நீங்கள் இதுவரை எழுதியதில்லை. காய்ச்சல் ஏதுமா என்று உம்மா கேட்டார்.

நான் விற்றுவிட்டேன். என் தையல் காசில் வாங்கிய பவுண் முழுவதையும். அவை எனக்கே உரியவை, மார்க்கத்திலும் அப்படித்தான், ஆகவே உங்களிடம் கேட்காமல் செய்தேன். இல்ஹாம் நானா சொன்ன சொல் மாறவில்லை, காசை மேசையில் வைத்தவுடன் பணத்தை எண்ணித் தந்தார். மறுநாளே நாவற்குடாவுக்குப் போய் யூஸ்டஸ் அங்கிளிடம் முற்பணம் கொடுத்தேன். இரண்டு வருட வாடகைக்கு எழுதியிருக்கிறோம், என் பெயரில். விற்ற அடுத்த கிழமை தங்கம் இறங்கியது. உம்மா அதைத் தன் துஆவின் பலன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். ஏறியிருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அன்று முழுக்கப் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கிரானிலிருந்து தயிர் விற்கிற ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். என்னால் ஏலாது, நடுங்குது என்று அங்கிள் கையைக் காட்டினார். வந்தவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: “முந்தி உங்களோட நிண்டானே, அந்தக் காத்தான்குடிப் பொடியன் வாறானாமே? அப்ப இது இஞ்சயே கிடக்கட்டும், நான் பாத்துக் கொண்டிருப்பன்.”

உங்களை அவர் இன்னும் பொடியன் என்கிறார். அதற்கு நீங்களே அவரிடம் சண்டை பிடித்துக்கொள்ளுங்கள். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் தையல் கடை போடுவேன், சும்மா விடமாட்டேன். உங்கள் மூன்று காசையும் தொடவில்லை.

நஸீறா


காத்தான்குடி
19.12.2025

மச்சான், சலாம்.

புயல் மழையில் போனும் கரண்டும் இல்லாமல் போய்விட்டதால் நீங்கள் எவ்வளவு துடித்திருப்பீர்கள் என்று பிறகுதான் நினைத்தேன். போன் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நிம்மதியாக எழுதுகிறேன். வாவித் தண்ணீர் வீதிக்கு மேலே வந்தது. நம் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. பஸ்னாவுக்கு இருமல் இருந்தது, சுகமாகிவிட்டது.

பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். அங்கிள் சாமான்களை முன்னமே மேசைக்கு மேல் ஏற்றியிருந்தார். நானும் உம்மாவும் போய்ச் சேற்றை அள்ளினோம். முழங்கால் வலிக்காரி உம்மா அங்கே வாளி தூக்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்போது வாசலில் நனைந்த பிரிட்ஜுகள் வரிசையாக நிற்கின்றன. நாவற்குடா, கல்லடி, ஆரையம்பதி என்று எல்லாப் பக்கத்தாலும் கொண்டு வந்து விடுகிறார்கள். யாருடைய கடை என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்போது திருத்திக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.

அங்கிள் பயணத்தை நோன்பு வரைக்கும் தள்ளிப் போட்டிருக்கிறார். அன்ட்றியா அவரோடு பேசுவதில்லையாம்.

நஸீறா


தோஹா
24.01.2026

அஸ்ஸலாமு அலைக்கும் என் நஸீறா,

எல்லோரும் சுகம் என்று எழுதியதை வாசித்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். எனக்கும் சுகம்.

போன் செத்துக் கிடந்த அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் இலக்கத்துக்கு அடித்து அடித்து விரல் ஓய்ந்துவிட்டது. முத்தலிப் காக்காவுக்கும் ஒரு தகவலும் இல்லை. என் போனில் தங்க விலை வந்து விழுகிற ஒன்று இருக்கிறதே, அது மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. காத்தான்குடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சொல்ல இந்த உலகத்தில் ஆள் இல்லை, தங்கம் எவ்வளவு ஏறியது என்று மணிக்கு மணி சொல்கிறார்கள். அன்று அதை அழித்துவிட்டேன். உன் குரல் வந்தபோது நானும் அழுதுவிட்டேன். அறையில் இருந்தவர்கள் விளங்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசிச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு பழக்க தோசத்தில் தங்கக் கடைக்குத்தான் கால் போனது. கடைக்காரன் என்னைக் கண்டதும் அட்டைக் காசுகளை வரிசையாக வைத்தான். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாமான் தெருவுக்குப் போய் ஒரு வெக்கூம் பம்பும் கேஸ் அளக்கிற மீற்றரும் வாங்கினேன். வாங்கிய அன்றே பாதி விலையாகிவிடுகிற சாமான்கள். முத்தலிப் காக்காவின் பெட்டியில் முன்னதாக வருகின்றன, பத்திரமாக எடுத்து வை.

நான் எழுதிய அந்தச் சின்னக் கடிதத்துக்கு என்னை மன்னித்துவிடு. எனக்குப் பயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீ சொல்லாமல் செய்தாய் என்று ஒருநாள் கோபம், நீ செய்தாய் என்று மறுநாள் பெருமை, இப்படித்தான் அந்த மாதங்கள் போயின. நீ வாங்கியதுதான் சரியான காசு. அந்தத் தயிர்க்காரரிடம் வாறன் என்று சொல்.

பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். நீ அங்கே வந்து அலைய வேண்டாம். பஸ்ஸில் வந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு லீவிலும் நான் பெட்டியை இறக்கி வைக்க முன்பே பஸ்னா கேட்பது ஒரே கேள்வி: “வாப்பா, திரும்ப எப்ப போறீங்க?” நான் விமான ரிக்கற்றைப் பார்த்து ஒரு திகதி சொல்வேன், அவள் போய் கலண்டரில் வட்டம் போடுவாள். இந்த முறை எடுத்தது ஒரு வழி ரிக்கற். அதை அவளிடம் நீ முந்திச் சொல்லிவிடாதே. அவள் கேட்கட்டும், நான் சொல்கிறேன்.

உன்னைக் காண வரும்,
இஷாம்